பலாமரத்தைப் பத்திரத்தில் எழுத முடியுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. குமரி மாவட்டத்தில் வீட்டை ஒட்டிக் கிடக்கும் பத்து, பதினைந்து சென்ட் விளையை (தோட்டநிலத்தை)ச் சிறிய கட்டுமானக்காரர் ஒருவர் கேட்கிறார். விற்கலாமா, எப்படி விற்பது என்று கேட்டிருக்கிறார்கள். மற்ற கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: குழித்துறைக்கு அருகே எங்களுக்குப் பூர்வீகமாக 18 சென்ட் உண்டு. 6 சென்டில் நான் குடியிருக்கும் வீடும் கிணறும் இருக்கின்றன. மீதி 12 சென்டை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். ஓடு வேய்ந்த நான்கு சிறிய வீடுகள் மட்டும் கட்டுவதாகவும், பலாமரத்தை வெட்டப்போவதில்லை என்றும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வராது என்றும் சொல்கிறார். நல்லவராகத் தெரிகிறார். இவற்றைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: எழுதலாம் அம்மா. ஆனால் எழுதியது நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஊரில் நல்ல மனம் கொண்டவர்கள் ஏமாறுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 12 சென்ட் என்பது ஏறத்தாழ 5,227 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, உயரமான அடுக்குமாடி அல்லாத சாதாரணக் கட்டடத்துக்கு நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு அனுமதிக்கப்படுகிறது. அதாவது காகிதக் கணக்கில் பத்தாயிரம் சதுர அடிக்கு மேல், ஆயிரம் சதுர அடி வீடாகக் கணக்கிட்டால் பத்து வீடுகள். முன்னால் இருக்கும் சாலையின் அகலமும் பக்கங்களில் விட வேண்டிய இடைவெளியும் இதைக் குறைக்கும் என்றாலும், நான்கு வீட்டில் நிற்பதற்கு அவருக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வேறொருவருக்கு மறுவிலைக்குக் கொடுத்துவிட்டால், வாங்குபவருக்கும் உங்கள் பலாமரத்துக்கும் என்ன உறவு? ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் 12 சென்ட் 500 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, அவர் சொல்லும் வீடுகளும் எட்டுக்குக் குறைவு. இவ்வளவு சிறிய திட்டத்தை அங்கே பதிவு செய்ய வேண்டியதே இல்லை.

இனி பத்திரம். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி, ஒரு நிலத்தை முழு உரிமையோடு விற்றுவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், வாங்கியவர் அந்த நிபந்தனை இல்லாததுபோலவே நடந்துகொள்ளலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்களுக்குச் சாதகமானது. விற்பவருக்கு அருகிலேயே வேறு நிலம் இருந்து, அந்த நிலத்தை நன்றாக அனுபவிப்பதற்காக நிபந்தனை போடப்பட்டிருந்தால், அது செல்லும். உங்களிடம் 6 சென்டும் வீடும் கிணறும் இருக்கின்றன. ஆகவே, கிணற்றிலிருந்து இத்தனை அடிக்குள் கழிவுநீர்த் தொட்டி தோண்டக் கூடாது, இத்தனை அடிக்கு மேல் உயரக் கூடாது, எல்லையிலிருந்து இத்தனை அடிக்குள் சுவர் எழுப்பக் கூடாது என்று, இவையெல்லாம் உங்கள் 6 சென்டின் நன்மைக்காகவே என்ற வாசகத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘கூடாது’ என்று எழுதியது, விவரம் தெரிந்தே வாங்கும் அடுத்தவரையும் பிடிக்கும்; ‘ஓடு வேய வேண்டும்’, ‘மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்’ என்பவை உங்களிடம் வாங்கியவரோடு நின்றுவிடும். பலாமரத்தின் மீது அவ்வளவு பிரியம் என்றால், மரம் நிற்கும் அரை சென்டையும் சேர்த்து உங்கள் பங்கில் அளந்து வைத்துக்கொண்டு, பதினொன்றரை சென்டை மட்டும் விற்பதுதான் வழி.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீடு வாங்கினேன். ‘தெற்கே என் தம்பியின் விளை, அங்கே யாரும் கட்டப்போவதில்லை’ என்று விற்றவர் சொன்னார். தெற்குக் காற்றுக்காகவே கூடுதலாகப் பணம் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டில் தம்பி விற்றார். இன்று என் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால், கை நீட்டும் தூரத்தில் பூசப்படாத செங்கல் சுவர் ஒன்று நிற்கிறது. சிமெண்ட் வழிந்து காய்ந்த தடம்கூட எனக்கு மனப்பாடம்.

இன்னும் ஒன்று. பன்னிரண்டையும் ஒரே நாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். அனுமதி பெற வேண்டிய வரைபடத்தை இணைத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். முதலில் பாதியை விற்று, இரண்டு வீடுகள் எழும்பியதைப் பார்த்த பிறகு மறுபாதிக்குக் கையெழுத்துப் போடுங்கள். உண்மையிலேயே நான்கு வீடு கட்ட நினைப்பவர் இதற்கு ஒப்புக்கொள்வார்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் எங்களிடம் சொல்லாமலேயே தம் பத்து சென்டை வெளியாருக்கு விற்றுவிட்டார். அண்டைவீட்டாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா?
— தக்கலை வாசகர்

பதில்: இல்லை.

கேள்வி: என் 14 சென்டில் ஆறு வீடுகள் கட்டி இரண்டை எனக்குத் தருவதாக ஒருவரோடு பேச்சு. இரண்டு லட்சம் முன்பணம் தந்தார். பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய்ப் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டார். அதன் நகல் என்னிடம் இல்லை, வாசித்தும் பார்க்கவில்லை. ஏழு மாதமாக வேலை தொடங்கவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. என்ன செய்ய?
— மார்த்தாண்டம் வியாபாரி

பதில்: வியாபாரி என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கடையில் ஒரு மூட்டை அரிசி இறக்கும்போது பில்லைச் சரிபார்க்காமல் பணம் கொடுப்பீர்களா? பதினான்கு சென்டை எழுதிக் கொடுக்கும்போது மட்டும் வாசிக்கத் தோன்றவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது. நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுங்கள். வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே பார்த்துவிடுங்கள். அதிகாரத்தை வைத்து அவர் யாருக்காவது விற்றிருந்தால், அடமானம் வைத்திருந்தால், அதில் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், பத்திரத்தைத் தன்னிச்சையாக ரத்து செய்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பணம் கொடுத்திருப்பதால், அந்தச் சொத்தில் தமக்கும் நலன் உண்டு, அத்தகைய அதிகாரத்தை ஒருதலையாகத் திரும்பப் பெற முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தைக் காட்டி வாதிடுவார். இரண்டு லட்சத்தைத் திருப்பித் தரத் தயாராக இருப்பதைச் சொல்லி வழக்கறிஞர் மூலம் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

கேள்வி: பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுவிட்டு, மீதி இருபது லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வரியும் மிச்சமாகும் என்கிறார். வாங்கலாமா?
— நாகர்கோவில்

பதில்: நிலம் விற்பனையில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகலாம். மிச்சமாகும் வரி அவருடையது, அபராதம் உங்களுடையது.

கேள்வி: பாறசாலைக்கு அருகே கேரளப் பக்கத்தில் என் மனைவிக்கு 20 சென்ட் வந்திருக்கிறது. ஒருவர் வாங்கி நாலைந்து வீடுகள் கட்ட நினைக்கிறார். வரி ரசீதில் ‘நிலம்’ என்றுதான் இருக்கிறது, வேறு பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவரோ திடீரென்று பின்வாங்குகிறார்.
— களியக்காவிளை

பதில்: அவர் விவரம் தெரிந்தவர். நமக்கு நிலம் என்றால் எந்த நிலமும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் வயல். வீடு கட்டும் கரைநிலத்துக்கு அங்கே ‘புரையிடம்’ என்று எழுதுவார்கள். 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்ட முடியாது. வேறு இடமில்லாத உரிமையாளர் தாம் குடியிருக்க ஒரு வீடு கட்டுவதற்குக் கிராமப் பஞ்சாயத்தில் பத்து சென்ட் வரை விலக்குக் கேட்கலாம். விற்பதற்காக நான்கு வீடு கட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் இடம் கிருஷிபவன் (கேரள வேளாண் அலுவலகம்) வழியாகத் தயாரிக்கப்பட்ட, வயல்களின் தரவு வங்கிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பித்து வகைமாற்றம் செய்துகொள்ள 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. பரப்பைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. அது முடிவதற்கு முன் யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம். தென்னை நிற்கிறதே, பிறகெப்படி வயல் என்று நீங்கள் கேட்பீர்கள். பதிவேடு தென்னையைப் பார்ப்பதில்லை.

கேள்வி: தாத்தா 1970களில் வாங்கிய விளையை அறுபது லட்சத்துக்கு விற்கப்போகிறேன். வரி எவ்வளவு வரும்? வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார், அது சரியா?
— வில்லுக்குறி

பதில்: ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் ஒரு சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குச் செலுத்தியே ஆக வேண்டும், அது உங்கள் கணக்கில் சேரும். வரியைக் கணக்கிட, 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம், அது அன்றைய அரசு மதிப்பைத் தாண்டாமல் இருந்தால் போதும். 2024 ஜூலை 23க்கு முன்பே கைவந்த நிலம் என்பதால், பணவீக்கச் சரிக்கட்டு இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டோடு 20 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதன்படி கட்டலாம். விற்ற பணத்தை உரிய காலத்துக்குள் ஒரு வீட்டில் போட்டால் விலக்கும் உண்டு. அதற்கு நிபந்தனைகள் பல, தணிக்கையாளரை ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். பத்திரம் முடிந்த பிறகு வருபவர்களுக்கு அவராலும் பெரிதாக உதவ முடிவதில்லை.

கேள்வி: கணவர் இறந்த பிறகு, பத்து சென்டைக் கூட்டாகக் கட்டக் கொடுத்தேன். ஆறு வீடுகளில் இரண்டு எனக்கு. அவர் தம் நான்கையும் விற்றுவிட்டார். என் இரண்டு வீடுகளிலும் தரை போடவில்லை, கதவில்லை, மின் இணைப்பில்லை. ஒன்றரை ஆண்டாக இன்றைக்கு, நாளைக்கு என்கிறார். வாடகை வீட்டில் இருக்கிறேன். நிலம் கொடுத்தவர் வாடிக்கையாளர் இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்.
— இரணியல்

பதில்: அம்மா, அவர் சொல்வது பொய். தம் நிலத்தைக் கொடுத்து, பதிலுக்குக் கட்டிய வீட்டை வாங்கும் உரிமையாளரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் அவருடைய பங்காளி அல்ல. லாபத்திலோ நஷ்டத்திலோ உங்களுக்குப் பங்கில்லை. வீடு கட்டித் தரும் சேவையை நிலமாக விலை கொடுத்து வாங்கியவர் நீங்கள்.

குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதால், இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வீடு ஒப்படைக்க வேண்டிய தேதி எங்கே எழுதியிருக்கிறது என்று பார்த்து அதை அடிக்கோடிடுங்கள். வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், அந்தத் தொகையையும் கேட்கலாம். தரையில்லாத அறைகளையும் கதவில்லாத நிலைகளையும் படம் எடுங்கள். அவர் அனுப்பிய ‘அடுத்த வாரம் முடித்துவிடுகிறேன்’ செய்திகளை அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம், ஆனாலும் உங்கள் விஷயத்தில் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச உதவி உண்டு. அவர் சாவியை நீட்டி, ‘முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பதற்கு மூலப் பத்திரம் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம் (பத்திரம்). தேதி 1112 என்று இருக்கிறது. போலி என்று தரகர் சந்தேகப்படுகிறார்.
— விளவங்கோடு

பதில்: தரகரை மாற்றுங்கள். அது மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825ஐக் கூட்டினால் 1936 அல்லது 1937. 1956 நவம்பர் 1 வரை நீங்கள் இருந்த தாலுகா முதலில் திருவிதாங்கூரையும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தது, பத்திரம் மலையாளத்தில் இல்லாமல் வேறெதில் இருக்கும்? பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்தர் ஒருவரிடம் தமிழாக்கம் வாங்கி, நான்கெல்லைகளை இன்றைய பட்டாவின் புல எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தைத் தரகர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள், நகல் போதும்.