இருந்த இடத்திலேயே இருக்கும் புள்ளி

கேள்வி: ஒரு படத்தைத் திருப்பிய அணி (மேட்ரிக்ஸ்) கையில் இருக்கிறது: புதிய எக்ஸ் = 6 − ஒய், புதிய ஒய் = எக்ஸ் + 2. எந்தப் புள்ளியை மையமாக வைத்துத் திருப்பினார்கள்? முப்பரிமாணத்தில் என்ன செய்வது?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: (6, 2) என்று எழுதிவிடாதீர்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் அந்த விடைக்குப் பஞ்சமே இல்லை. அது ஆதிப்புள்ளி போய்ச் சேர்ந்த இடம், அவ்வளவுதான். எல்லாம் நகரும்போது நகராமல் இருப்பதுதான் மையம். ஆகவே ‘புதிய’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எக்ஸ் = 6 − ஒய், ஒய் = எக்ஸ் + 2. இரண்டையும் தீர்த்தால் (2, 4). திரும்ப அணியில் போட்டுப் பாருங்கள், அதே (2, 4) வரும். கோணம் 90 பாகை, இடஞ்சுழியாக.

முப்பரிமாணத்தில் ஒரு கோடே அசையாமல் நிற்கும்; அதுதான் அச்சு. கணிதமேதை ஆய்லர் 1775-இல் சொன்னது இது. 3×3 சுழற்சி அணியின் முதன்மை மூலைவிட்ட எண்களைக் கூட்டி, 1-ஐக் கழித்து, பாதியாக்கினால் கோணத்தின் கொசைன். அச்சுக்கு, அணி எந்த வெக்டரை மாற்றாமல் விடுகிறது என்று தேடுங்கள். மூலைவிட்டத்துக்கு எதிரெதிரே உள்ள எண்களைக் கழித்து அச்சின் திசையைப் பெறும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆனால் 180 பாகை என்றால் அந்த மூன்று வித்தியாசங்களும் பூஜ்யமாகிக் காலை வாரும். அப்போது அலகு அணியை (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0) கூட்டுங்கள்; பூஜ்யமில்லாத எந்த நிரலும் (செங்குத்து வரிசையும்) அச்சின் திசைதான்.