கால் நரம்பு சுருண்டதற்கு நரம்பு மாத்திரை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. துணிக்கடையில் சேலைப் பிரிவில் 17 வருடமாக நின்றே வேலை. சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனக்கிறது. இடது கெண்டைக்காலில் பச்சை நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கிறது. மருந்துக்கடையில் நரம்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் சாப்பிட்டும் குறையவில்லை. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடச் சொல்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? வேலையை விட வேண்டுமா? கொலுசு போடலாமா?

பதில்: அந்த மாத்திரையை வேறு ஏதாவது காரணத்துக்காக டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். காசுக்குத்தான் கேடு. தோலுக்கு மேலே புடைத்துத் தெரிவதையெல்லாம் நாம் நரம்பு என்கிறோம். ஊசி போட வரும் நர்ஸ்கூட 'நரம்பு கிடைக்கவில்லை' என்றுதான் சொல்வார். உங்கள் காலில் சுருண்டிருப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். அசுத்த ரத்தத்தை மேலே இதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை. வைட்டமின் மாத்திரையால் அதற்கு ஒன்றும் ஆகாது. பெயரில் வந்த இந்தக் குழப்பத்தால் வருடக்கணக்கில் பி12 விழுங்கிவிட்டு, புண் வந்த பிறகு என்னிடம் வருபவர்கள் நிறையப் பேர்.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தெரியும்தானே? அது பழுதானால் மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் குடம் குடமாக ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும். கால் சிரைக்குள்ளும் இப்படி வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. கெண்டைக்கால் தசைதான் மோட்டார். நடக்கும்போது அது இறுகி ரத்தத்தை மேலே தள்ளும், தள்ளியது கீழே இறங்காமல் வால்வு பிடித்துக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நல்ல காலில் பத்துப் பதினைந்து அடி நடந்தாலே அது 30க்குக் கீழே வந்துவிடும். வால்வு ஒழுகும் காலில் அப்படி இறங்காது. ஒரு வால்வு போனால் அதன் சுமையும் கீழே உள்ள வால்வின் தலையில் விழும். பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை, நின்றே செய்யும் வேலை என்று காரணங்கள் சேர்ந்தே வரும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கறுத்த தோல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அழுத்தம் தாங்காமல் சிவப்பணுக்கள் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, அவற்றிலுள்ள இரும்பு தோலில் படிகிறது. தண்ணீர் சொட்டும் குழாயடியில் துருக்கறை பிடிப்பதுபோல. அரிப்பும் அதன் தொடர்ச்சிதான். அடுத்த கட்டம் அந்த இடத்தில் ஆறாத புண். வெறும் புடைப்பு மட்டும் என்றால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருப்பேன். தோல் மாறிய பிறகு தள்ளிப்போடக் கூடாது. அரிக்கிறதே என்று நகத்தால் சொறியாதீர்கள், பச்சிலை அரைத்துக் கட்டாதீர்கள். இந்தத் தோல் எதற்கும் சட்டென்று ஒவ்வாமை காட்டும். தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். அழுத்தி உருவுவது கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் வரை போகலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் அறுவை நிபுணரை. இல்லாவிட்டால் பொது அறுவை நிபுணரே போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கு வைத்தியம் உண்டு. உங்களைப் படுக்க வைத்து மட்டும் பார்த்தால், 'டாக்டர், நின்றால்தான் தெரியும்' என்று தயங்காமல் சொல்லுங்கள். படுத்தால் புடைப்பு அமுங்கிவிடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனையும் நின்றபடி எடுத்தால்தான் எந்த வால்வு ஒழுகுகிறது என்பது சரியாகத் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து, இரண்டு காலிலும் ஒரே அளவு வீக்கம் இருந்தால், பழியைச் சிரை மேல் மட்டும் போட முடியாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அந்த மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பாதம் எரிச்சலும் மதமதப்புமாக இருந்தால் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். உண்மையில் நரம்புக் கோளாறு என்றால் அதுதான்.

ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா என்றால், கெட்டுப்போன வால்வு திரும்ப வராது. டயோஸ்மின் போன்ற மாத்திரைகள் கனத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து ஆபரேஷனை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். இப்போது பெரும்பாலும் லேசர் அல்லது ரேடியோ அலைதான். முழங்கால் பக்கம் ஊசித் துளை போட்டு, மெல்லிய கம்பியைச் சிரைக்குள் விட்டு, சூட்டினால் உள்ளிருந்தே அதை மூடிவிடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டால் போதும், பெரும்பாலோர் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். 'அந்தக் குழாயை மூடினால் ரத்தம் எப்படிப் போகும்?' என்று எல்லோரும் கேட்பார்கள். காலின் ரத்தத்தில் பெரும்பங்கைத் தூக்குவது தசைக்குள் ஓடும் ஆழ்சிரைகள். மேலே இருப்பது கிளைச் சாலை. அதிலும் ரத்தம் தலைகீழாக ஓடுகிறது என்றால் மூடுவதே நல்லது. வருடங்கள் கழித்து வேறு கிளையில் புடைப்பு வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும், அழுத்தக் காலுறை. கடைகளில் ஸ்டாக்கிங்ஸ் என்று கேளுங்கள். உங்களுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழ் வருகிற கிளாஸ் 2, அதாவது 23 முதல் 32 மி.மீ. அழுத்தம் தருவது, சரியாக இருக்கும். வாங்கும் முன் பாத நாடித்துடிப்பை டாக்டர் பார்த்துவிடட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைத்திருந்தால் இறுக்கமான உறை காலையே கெடுத்துவிடும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் போட வேண்டும். பத்து மணிக்கு, கால் வீங்கிய பிறகு மல்லுக்கட்டினால் ஏறாது. குதிகால் வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். ரப்பர் கையுறை போட்டால் பிடி கிடைக்கும். மேல் விளிம்பை மட்டும் மடித்துவிடாதீர்கள், கயிறு கட்டியதுபோல் இறுக்கும். சித்திரை வெயிலில் இதைப் போடு என்பது கொடுமைதான், தெரியும். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யவும்.

வேலையை விட வேண்டாம், நிற்கும் விதத்தை மாற்றினால் போதும். சேலை பிரித்துக் காட்டுகிற இடைவெளியில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ஒரு தடவைக்கு இருபது முறை. அரை மணிக்கு ஒருமுறை நாலு அடி நடங்கள். அப்புறம், நாற்காலி கேளுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது சட்டம். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. முதலாளி தருகிற சலுகை இல்லை இது. உட்கார்ந்தாலும் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருங்கள்.

திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழையுங்கள். புடைப்பில் அடிபட்டு ரத்தம் பீறிட்டால் பதறி ஓடாதீர்கள். தரையில் படுத்துக் காலை உயரே தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்ட வேண்டாம்.

கொலுசு? தாராளமாகப் போடலாம். ஸ்டாக்கிங்ஸ் போடும் நேரத்தில் மட்டும் கழற்றி வையுங்கள், திருகாணி நூலை இழுத்துக் கிழித்துவிடும். ராத்திரி உறையைக் கழற்றியதும் மாட்டிக்கொள்ளுங்கள்.