கொலை வழக்கில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நானும் என் மாமியாரும் 'மங்க்' என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்து வருகிறோம். கொலையாளி யார் என்று தெரிந்தும் சலிக்கவில்லை, சிரிப்பும் குறையவில்லை. கொலைக் கதையைப் பார்த்துச் சிரிப்பது தவறில்லையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தவறே இல்லை. இத்தொடரில் நாம் இறந்தவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. துப்பறிபவரின் பாடுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது. மனைவி ட்ரூடி கார் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பின், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச்சுழற்சி நோய் முற்றிக் காவல்துறைப் பணியை இழந்தவர் ஏட்ரியன் மங்க். முதல் பகுதியின் தொடக்கத்தில், கொலை நடந்த வீட்டில் நின்றுகொண்டு, தம் வீட்டு அடுப்பை அணைத்தோமா என்று அவர் தவித்துக்கொண்டிருப்பார். ஊருக்குக் கிளம்பிப் பாதி வழியில் இதே கவலையில் திரும்பி வந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு என்பதால், அவருடைய தவிப்பு நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ள முடியாத அதே மனம்தான், கொலையாளி இடம் மாற்றி வைத்த பொருளையும் கண்டுபிடிக்கிறது. சிரிப்புக்கும் துப்புக்கும் ஊற்று ஒன்றாக இருப்பதே இத்தொடரின் பலம் என்பேன். 2002 முதல் 2009 வரை 125 பகுதிகள் வந்தும் அது தளரவில்லை. விடை தெரிந்த பிறகும் நீங்கள் திரும்பப் பார்ப்பது மங்கோடு சற்று நேரம் இருப்பதற்காகத்தான்.

கேள்வி: ஒருவருடைய மனநோயை வேடிக்கையாக்குவது எனக்கு உறுத்துகிறது.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உறுத்த வேண்டிய இடங்கள் உண்டு, சில பகுதிகளில் எழுத்தாளர்கள் எல்லை மீறியிருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆயினும் மங்காக வரும் நடிகர் டோனி ஷலூப் அந்தப் பாத்திரத்தை ஒரு கோமாளியாக நடிக்கவில்லை. கைகுலுக்கியதும் ஈரத்துடைப்பானுக்காகக் கை நீட்டும் அந்த நொடியில், அவர் முகத்தில் வெட்கமும் இயலாமையும் சேர்ந்தே தெரியும். அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் மூன்று கிடைத்தது நியாயமே.

கேள்வி: 'கொலம்போ' தொடரில் கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு மர்மம் என்று என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொலை செய்தவர் யார் என்ற கேள்வி அங்கே இல்லை, அவர் எப்படி அகப்படப் போகிறார் என்பதே கேள்வி. கொலையாளிகள் பெரும்பாலும் செல்வமும் புகழும் உடையவர்கள். அவர்கள் முன்னால், துப்பறியும் அதிகாரி கொலம்போவாக நடிக்கும் பீட்டர் ஃபாக் ஒரு கசங்கிய மழைக்கோட்டுடன் வந்து நின்று, நாம் ஒருமுறைகூடப் பார்த்திராத தம் மனைவியைப் பற்றிப் பேசி, விடைபெற்று வாசல் வரை போவார். கொலையாளி பெருமூச்சு விடும் வேளையில் நெற்றியில் கைவைத்துத் திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார். பணிவு சற்றும் குறையாத அந்தக் குரல் கேட்டதும், எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதைப் பார்ப்பதில்தான் நகைச்சுவை இருக்கிறது. அவரை ஏளனமாக எடைபோட்டவர் அந்த ஏளனத்தாலேயே சிக்கிக்கொள்கிறார்.

இதுவரை பார்க்காதவர்கள், 1971இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் 24ஆம் வயதில் இயக்கிய பகுதியிலிருந்து தொடங்கலாம். இருவராகச் சேர்ந்து துப்பறியும் நாவல் எழுதுபவர்களில் ஒருவர் மற்றவரைக் கொல்லும் கதை அது. தொடக்கக் காட்சியில் கொலையாளியின் கார் சாலையில் வந்துகொண்டிருக்கும், ஆனால் நம் காதில் விழுவது காரின் ஓசையன்று. எங்கோ ஓர் அறையில், வரப்போவதை அறியாமல் எழுதிக்கொண்டிருக்கும் நண்பரின் தட்டச்சுப்பொறி ஒலி மட்டுமே.