எதைத் தைப்பது, எதை விடுவது?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். ஒரே சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது. வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது; நேர்த்தையல் மட்டும் ஓட்டத் தெரியும். குழந்தைக்குத் தலையணை, பஞ்சுப் போர்வை, தொட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு, கையுறை எல்லாம் நானே தைத்தால் செலவு குறையுமா?

பதில்: குறையும் அம்மா. ஆனால் பணம் கரைவது நீங்கள் எழுதியிருக்கும் பொருள்களில் இல்லை. பிறந்த குழந்தைக்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் துடைக்கத் துணி வேண்டும். முதலில் அவற்றைத் தையுங்கள்.

புதுத்துணியைத் தேட வேண்டாம். பல முறை துவைத்து மெலிந்த பருத்திப் படுக்கை விரிப்பே போதும். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த துணி அது. புதுத்துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் இரண்டு முறை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் படிந்து ஈரத்தை உறிஞ்சவிடாது.

நாப்கினுக்கு 70 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, ஓரத்தை ஒவ்வொரு சென்டிமீட்டராக இரண்டு முறை மடித்துத் தையுங்கள். உங்களுக்குத் தெரிந்த நேர்த்தையலே இதற்குப் போதும். ஆறு அடுக்கை ஒன்றாகச் சேர்த்துத் தைக்க ஆசை வரும். செய்யாதீர்கள். மேலே உலர்ந்தாலும் நடுவில் ஈரம் தங்கி நாற்றம் எடுக்கும். ஒற்றைத் துணியாகத் தைத்து மடித்துக் கட்டினால், பிரித்துக் காயப்போடும்போது சீக்கிரம் உலரும். இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைப்பதாக இருந்தால் 24 போதும்.

துடைக்கும் துணிக்குப் பழைய பனியனைச் சதுரமாக வெட்டினாலே போதும். பின்னல் துணி என்பதால் நூல் பிரியாது, தைக்கவும் வேண்டியதில்லை.

கையுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மூத்த மகளுக்கு நான் தைத்த கையுறையின் உள்ளே ஓர் இழை பிரிந்திருந்தது. நள்ளிரவில் அழுகை நிற்கவேயில்லை. பசி என்று நினைத்துப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கையுறையைக் கழற்றியபோது சுண்டுவிரலில் நூல் இறுகி, நுனி சிவந்து வீங்கியிருந்தது. இப்படி இறுகும் நூல் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். அன்றிலிருந்து குழந்தைத் துணியைத் தைத்ததும் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் நான் கீழே வைப்பதில்லை. நீங்கள் கையுறை தைத்தே தீருவீர்கள் என்றால், முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தையல் போட்டு, விளிம்பை 3 மில்லிமீட்டருக்குக் கத்தரியுங்கள். பிறகு உள்ளே திருப்பி மறுபடி ஒரு தையல் போட்டால், பிசிறு முழுவதும் தையலுக்குள் அடங்கிவிடும்.

தலையணை, பஞ்சுப் போர்வை, தடுப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். முகம் அதில் அழுந்தினால் பச்சைக்குழந்தைக்குத் தலையைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அது உறங்கும் இடத்தில் இவை கூடாது என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள், மறுப்பது எனக்கும் வருத்தம்தான்.

கேள்வி: நாப்கினுக்கு மேலே போட நீர்புகாத துணியில் உறை தைத்தேன். தொடைப் பக்கம் ஈரம் கசிகிறது. தையலில் தவறா?

பதில்: இருக்கலாம். அந்தத் துணியில் குண்டூசி குத்திய ஓட்டை மூடாது. கவ்வியால் பிடித்துத் தைக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தை வெளியே இழுத்து வரும், பாலியெஸ்டர் நூல் போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் ஓட்டைகள் கூடும். ஆனால் பிரித்துத் தைப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். உள்ளே இருக்கும் நாப்கினின் ஓரம் உறைக்கு வெளியே விரற்கடை அளவு எட்டிப்பார்த்தாலும் அதன் வழியே ஈரம் ஊறி வந்துவிடும். அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.