கரையில் நொடி எண்ணும் மகள்

கேள்வி: மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. நீச்சல் குளத்தில் டைமர் வைத்து, தண்ணீருக்கடியில் என்னை நானே படம் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படங்களில் மட்டும்தான் இது என் உடம்பு என்று தோன்றுகிறது. ஆனால் முகம் நீலம் பாரித்து, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். என்ன செய்யலாம்? முங்குவதற்கு முன் 20 முறை வேகமாக மூச்சு இழுத்து விடுவேன். கரையில் என் 9 வயது மகள் நொடி எண்ணுவாள். கணவருக்குத் தெரியாது.

பதில்: புள்ளிகளுக்கு அப்புறம் வருகிறேன். போகிறபோக்கில் ஒரு பிள்ளையைக் கரையில் உட்கார வைத்திருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

மூச்சு விடு என்று உடம்பை நச்சரிப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான், ஆக்சிஜன் குறைவதல்ல. வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு வெளியேறிவிடும். ஆக்சிஜனோ பெரிதாக அதிகரிக்காது. ஆகவே மூச்சு முட்டுவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடலாம். உதறல், கத்தல் எதுவும் இருக்காது. நிற்கிற ஆழத்திலும் இது நடக்கும். உங்கள் மகளோ 41, 42 என்று எண்ணிக்கொண்டே இருப்பாள், அம்மா இன்றைக்கு நன்றாக போஸ் கொடுக்கிறாள் என்று. புரிந்தாலும் உங்களைத் தூக்க அவளால் ஆகுமா? பிள்ளைக்குத் தாய்தான் காவல். உங்கள் மனசு எவ்வளவு புண்பட்டிருந்தாலும் அதைத் திருப்பிப் போட உங்களுக்கு உரிமையில்லை.

வடுவைக் கேமராவுக்குக் காட்டத் துணிந்தவருக்குக் கணவரிடம் வாய் திறக்க முடியவில்லையா? சொல்லுங்கள். அவர் முன் கூச்சமென்றால் அக்காவோ தோழியோ வரட்டும். நன்றாக நீந்தத் தெரிந்த, உங்களைத் தூக்கக்கூடிய பெரியவர் ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் கண் உங்கள் மேலேயே இருக்கட்டும். கேமரா பக்கமே போகக் கூடாது. அந்த 20 மூச்சை இன்றோடு விடுங்கள். நிதானமாக இரண்டு மூச்சு போதும். பாதிக் காற்றை வெளியே விட்டால் உடம்பு தானே தாழும். ஒரு முங்கலுக்கு 10 முதல் 15 நொடி, பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. நடுக்கம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். காலில் சுற்றிக்கொள்ளும் நீளத் துணி வேண்டாம்.

இப்போது நீலம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். ஆழம் மட்டுமல்ல, கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே இருக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். அகலக் கோண லென்ஸ் போட்டு ஒரு மீட்டருக்குள் வாருங்கள். அதே ஆழத்தில் வெள்ளை அட்டை பிடித்து ஒயிட் பேலன்ஸ் வையுங்கள், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுங்கள். படத்தை ரா ஃபைலாக, அதாவது கேமரா தன் கைவரிசையைக் காட்டாத மூலப் பதிவாக, எடுங்கள்.

புள்ளிகள் உங்கள் ஃப்ளாஷின் வேலை. லென்ஸை ஒட்டி இருக்கும் ஃப்ளாஷ், இடையில் மிதக்கும் தூசியில் பட்டுத் திரும்புகிறது. அதை நீளக் கைப்பிடியில் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளி, சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். அல்லது அணைத்துவிட்டு, உச்சி வெயில் நேரத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டருக்குள் எடுங்கள். ஃபில்டர் நன்றாக ஓடி முடிந்து, தண்ணீர் அசைவு அடங்கியபின் இறங்குங்கள். உடைக்குள் சிக்கும் காற்றும் குமிழியாகிப் புள்ளி போடும். முன்னதாகவே நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கும் போஸ் வேண்டுமானால், முதலில் அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.