கோதுமை கூடாத ஒருவர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வேலையாக வந்தால் எங்கே, எதைச் சாப்பிடலாம்?

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கிற செலியாக் நோய் இருப்பதாக அண்மையில் தெரியவந்திருக்கிறது, மாதத்தில் பல நாள்கள் கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் தங்கி வேலை பார்க்க வேண்டும், வயிற்றையும் கெடுத்துக்கொள்ளாமல் சத்தாகவும் சாப்பிட எந்த உணவகத்தை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான். மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் கொதிகலன்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், மாங்காய் வரத்துக் காலம் முழுவதும் இந்த இரண்டு மாவட்டங்களிலும்தான் என் சாப்பாடு. என் அனுபவத்தில், இங்கே பலகாரத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. அதாவது, நாம் கேட்கும் பொருளில் கோதுமை இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கடையின் சமையற்கட்டில் மைதா புழங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இந்த நோய் இங்குள்ள சமையற்காரர்களுக்குத் தெரியாததில் வியப்பில்லை. 2016ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியப் பகுதியில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேலாகக் காணப்பட்ட செலியாக் நோய், தெற்கே வேலூர்ப் பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. ஆகவே குளூட்டன் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஒவ்வாமை என்று சொன்னால் தோலில் அரிப்பு வரும் என்று நினைத்துக்கொண்டு, “கொஞ்சந்தானே சார், ஒண்ணும் ஆகாது” என்பார்கள். நான் பொருள்களின் பெயரையே நேராகச் சொல்லிவிடுகிறேன்: மைதா, கோதுமை, ரவை, சேமியா, கூட்டுப் பெருங்காயம், இவை ஐந்தும் சாப்பாட்டில் படவே கூடாது, பட்டால் வயிற்றுப்போக்கு வரும், இரத்தம் குறையும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். டாக்டர் என்ற சொல்லுக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் போனால் இதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதிய ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உணவகங்களின் அடுப்படிக்கு இந்தியிலும் ஒன்று தேவைப்படும்.

கொஞ்சம் பட்டால் என்ன என்பதற்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்படும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். அது ரொட்டித் துண்டில் ஒரு சிறு கிள்ளல்தான். எல்லாருக்கும் உடனே வயிறு கலங்குவதுமில்லை. எனவே, அந்தக் கடையில் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னாலும், உங்களுக்கே அப்படித் தோன்றினாலும், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் அதைச் சொல்லும்.

இனிக் கடைக்கு வருவோம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பளபளப்பான பெரிய உணவகங்களுக்குக் குறைவில்லை. கழிப்பறை சுத்தமாக இருக்கும், மெனு அட்டை நீளமாக இருக்கும், அந்த நீளம்தான் நமக்கு ஆபத்து. ஒரே அடுப்படியில் நாண், புரோட்டா, நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், பூரி எல்லாம் நடக்கிறபோது மைதா காற்றிலேயே இருக்கும். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. அங்கே பணிவாகப் பேசும் மேலாளர் தருகிற உறுதிமொழியைவிட, தர்மபுரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருவொன்றில் இட்லியும் பொங்கலும் மட்டும் போட்டுவிட்டுப் பத்தரை மணிக்கு மூடிவிடுகிற சின்னக் கடையை நான் அதிகம் நம்புவேன்.

காலையில் இட்லிதான் முதல் தேர்வு. அரிசியும் உளுந்தும், ஆவியில் வெந்தது, எண்ணெயோ கல்லோ நடுவில் வருவதில்லை. ஓசூர்ப் பக்கத்துத் தட்டு இட்லியும் நல்லதுதான். ஆனால் அங்கே கர்நாடகப் பழக்கத்தில் ரவா இட்லி, காராபாத், கேசரிபாத் என்று ரவை ஏராளமாகப் புழங்குவதால், எந்தக் கரண்டி எதற்குள் போகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தோசைக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. “மாஸ்டர், இந்தக் கல்லுல புரோட்டா போடுவீங்களா?” என்று கேட்டால், “சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் சார்” என்பார். இரவு அடைக்கும்போது கல்லைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்கிற கடையாக இருந்தால், காலையில் முதல் சில தோசைகளுக்குள் நம்முடையதை வாங்கிக்கொள்ளலாம். மாலையில் அதே கடையில் தோசை வேண்டாம். முறுகலாக வரவேண்டும் என்று மாவில் ரவையோ மைதாவோ ஒரு கை சேர்க்கிற பழக்கமும் சில இடங்களில் இருப்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். வடை உளுந்தாக இருந்தாலும், மைதா சேர்ந்த போண்டா வெந்த அதே எண்ணெயில்தான் வெந்திருக்கும், நான் தொடுவதில்லை.

பெருங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாக நோய் தெரியவந்தவர்கள் பலரும் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வரும் பெருங்காயப் பால் மிகவும் காரமானது. அதை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதால் கருவேலம் பிசினும் மாவும் கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். 2020ஆம் ஆண்டின் உணவுப் பொருள் லேபிள் விதிமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தெரிவித்தாக வேண்டும். உணவகத்தில் டப்பாவைப் பார்க்க முடியாது, சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் என்று அனைத்திலும் அது போயிருக்கும். அதனால் இட்லிக்கு நான் தேங்காய்ச் சட்னியும் வேர்க்கடலைச் சட்னியும் மட்டும் வாங்கிக்கொள்வேன், தாளிப்பில் பெருங்காயம் போட்டீர்களா என்று கேட்ட பிறகு. வீட்டில் பெருங்காயம் இல்லாமல் அரைத்த பருப்புப் பொடியும் ஒரு சிறு புட்டியில் நெய்யும் பையில் எப்போதும் இருக்கும். பொடியை மட்டும் எடுத்துவந்து நெய்யை மறந்தால் வருத்தம் வேறு வகையானது.

மதியத்துக்கு இந்த இரு மாவட்டங்களும் நமக்குக் கொடுத்த வரம் களிக்கடை. கேழ்வரகு இங்கே ஆரோக்கிய நாகரிகமாக வந்ததன்று; அன்றாட உணவு. 2023இல் தமிழக அரசு ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது நீலகிரியோடு முதலில் சேர்த்த மாவட்டம் தர்மபுரிதான். செலியாக் நோயில் குடல் சத்துகளை ஒழுங்காக உறிஞ்சாததால் இரும்புச்சத்துக் குறைவும் எலும்புத் தேய்மானமும் பலருக்கு வரும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் அப்படியே பல மடங்கு. கோதுமையை விட்டவர்கள் வெள்ளைச் சோற்றிலேயே காலம் தள்ளி மலச்சிக்கலுக்கு ஆளாவதை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு இது நல்ல மாற்று. ஆனாலும் களியும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தால், களி என்பதற்காக இரண்டு உருண்டை வாங்க வேண்டாம். ஒன்று வாங்கி, கீரைக் கடைசலை இரண்டு கரண்டியாகக் கேளுங்கள்.

களியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாலக்கோடு சாலையில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், கொதிக்கிற நொய்யில் மாவைக் கொட்டி, பானையை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டுகிற அக்காவிடம் முதல் நாள் கேட்டது இதுதான்: “மாவு எங்கக்கா அரைக்கறீங்க?” மில்லில் என்றார். கோதுமையும் அதே மிஷினில்தானா என்றேன். “கோதுமைக்கு அந்தப் பக்கம் வேற மிஷினுங்க. நாங்க மூட்டையாத்தான் அரைப்போம், ஒரு கிலோ ரெண்டு கிலோன்னா அவங்க எதுல வேணா தள்ளிடுவாங்க” என்றார். அந்த ஒரு பதிலில் எனக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. சில்லறையாக அரைக்கிற மாவில், முன்னால் அரைத்தவருடைய கோதுமை கலந்துவரும். மூட்டையாக அரைக்கிற கடையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு எதுவானாலும் வீட்டுப் பக்குவத்தில் அரைத்த மசாலாவாக இருக்கும். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் கருவாட்டுக் குழம்பை மட்டும் தள்ளிவைக்கலாம்.

கேழ்வரகின் பெயரால் வருகிற மற்றவற்றை அப்படியே நம்பிவிடாதீர்கள். பொட்டலத்தில் வரும் ராகி சேமியா பலவற்றில் கோதுமை மாவு உண்டு. ராகி பிஸ்கட்டில் பெரும்பங்கு மைதாவாகவே இருக்கும். உணவகத்து ராகி தோசையில் ரவை இருக்கலாம். சத்துமாவுக் கஞ்சியில் கோதுமை சேர்ப்பது வழக்கம். டீக்கடையில் ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்றவை பார்லி மால்ட்டில் செய்தவை, அவையும் கூடாது. டீ, காபி, இளநீர், கோடையில் சாலையோரம் கிடைக்கும் கம்பங்கூழ் ஆகியவற்றுக்குத் தடையில்லை, கூழில் ஊற்றுகிற தண்ணீரையும் மோரையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இலைச் சாப்பாட்டில் சோறு, பொரியல், கீரை, தயிர், அவித்த முட்டை என்று நிறுத்திக்கொள்ளலாம். அப்பளம் உளுந்து என்றாலும் பூரி பொரித்த எண்ணெயில் விழுந்திருக்கும், பாயசம் சேமியாவாக இருக்கும். பிரியாணிக் கடையில் தம் போடும்போது மூடியின் விளிம்பில் மைதாப் பிசைந்து ஒட்டுகிறார்களா, கனமான பாரம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். பாரம் வைக்கிற கடையானால் பிரியாணி வாங்கலாம், கூடவரும் சிக்கன் 65ஐ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மீன் சாப்பிடுபவரானால் ஒகேனக்கல் பக்கம் வேலை வரும் நாளுக்காகக் காத்திருக்கலாம். அங்கே மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால், கூலிக்குச் சமைத்துத் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். மசாலா நம் கண்ணெதிரே கலக்கப்படுவதால், மைதா வேண்டாம், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு, உப்பு போதும், எண்ணெய் புதிதாக ஊற்றுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லலாம். எண்ணெய்க்குத் தனியாகக் காசு கொடுத்தால் முகம் சுளிக்காமல் செய்வார்கள். பொரிப்பதைவிடக் குழம்பாகக் கேட்டால் இன்னும் நல்லது. கிருஷ்ணகிரி அணைப் பக்கத்து மீன் கடைகளில் பொதுவாக மசாலா தடவியே வைத்திருப்பார்கள், ஆதலால் அங்கே எனக்கு அவ்வளவு துணிவில்லை.

இரவுதான் உண்மையில் கடினம். ஏழு மணிக்கு மேல் ஊர் முழுவதும் புரோட்டாக் கல்லின் சத்தம்தான் கேட்கும். இட்லிக் கடை திறந்திருந்தால் மறுபடியும் இட்லி. இல்லாவிட்டால் மதியமே களிக்கடையில் தயிர்ச் சோறோ சாமைச் சோறோ கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், வாழைப்பழமும் அவித்த வேர்க்கடலையும் எப்படியும் கிடைத்துவிடும். தங்கும் விடுதியை முன்பதிவு செய்யும்போதே, அறையில் சிறிய மின்சார அரிசிக் குக்கர் வைத்துக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் கேளுங்கள். சில இடங்களில் மறுப்பார்கள், நீண்ட நாள் தங்குபவர் என்றால் ஒப்புக்கொள்கிற மேலாளர்களும் உண்டு. நீங்கள் போகும் நிறுவனத்தில் உணவுக்கூடம் இருந்தால், போவதற்கு முதல் நாளே அங்குள்ள சமையற்காரரிடம் நேரடியாகப் பேசிவிடுங்கள், மனிதவளப் பிரிவு வழியாகச் சொல்லி அனுப்பினால் அது சப்பாத்தியாகவே வந்து சேரும்.