வீட்டுச் சாமானும் வீடு கட்டும் சாமானும்: கடல் கடந்து வருவோர் கேட்டவை

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்புவோரும், அங்கிருந்து பொருள் வரவழைக்க நினைப்போரும் 2024 நவம்பரில் மும்பை மாட்டுங்காவில் ஒரு மாலை கூடினோம். நவா சேவா துறைமுகத்தில் சுங்க முகவராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று நடைமுறையில் இருந்த, 2016 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த பயணியர் உடைமை விதிகளின்படியே பதில் கூறினேன்.

எட்டு ஆண்டுகள் மஸ்கட்டில் இருந்துவிட்டு முலுண்டுக்குத் திரும்புகிறோம். கட்டில், அலமாரி, பாத்திரம், சலவை இயந்திரம், கிரைண்டர் எல்லாம் ஒரே கன்டெய்னரில் வருகின்றன. வரி கட்ட வேண்டியிருக்குமா?

உங்களுக்குப் பொருந்துவது குடிபெயர்வுச் சலுகை; துறைமுகத்தில் அதை ‘டி.ஆர்.’ என்பார்கள். வருவதற்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது வெளிநாட்டில் வாழ்ந்திருந்து, அந்த இரண்டு ஆண்டுகளில் விடுமுறைக்கு இந்தியா வந்து தங்கிய நாள்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டாமலும், முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே சலுகையைப் பெறாமலும் இருந்தால், 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வீட்டுப் பொருள்களுக்குத் தீர்வை இல்லை. ஓராண்டு மட்டும் இருந்தவருக்கு அந்த வரம்பு 2 லட்சம்தான்.

எட்டு ஆண்டுகள் என்று நீங்கள் சொல்வதை அதிகாரி கேட்டுக்கொள்வார். ஆனால் எண்ணப்போவது கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளைத்தான். பொங்கலுக்கு வந்தது, அக்கா மகள் திருமணத்துக்கு வந்தது, அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு வந்து இரண்டு மாதம் தங்கியது என எல்லாவற்றையும் ஒரு தாளில் நாள் வாரியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் தகுந்த காரணம் காட்டிச் சுங்க ஆணையரிடம் விலக்குக் கேட்கலாம். வெளிநாட்டு வாசத்தில் இரண்டு மாதம் வரை குறைந்தால் உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையிலேயே அதைப் பொறுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் அதைக் கன்டெய்னர் வந்து இறங்கிய பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

சலவை இயந்திரம், மைக்ரோவேவ், குளிரூட்டி, 300 லிட்டர் வரையிலான குளிர்பதனப் பெட்டி ஆகியவை சலுகைக்குள் வரும். 300 லிட்டருக்கு மேற்பட்ட பெட்டி, டீப் ஃப்ரீசர், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவை அதற்குள் வாரா. தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கும் தீர்வை உண்டு. கோயம்புத்தூரிலிருந்து மஸ்கட்டுக்குப் போன கிரைண்டர் கவலையில்லாமல் வீடு திரும்பலாம்.

நான் முதலில் வந்துவிடுகிறேன். சாமான்கள் பிறகு வரும். இதில் சிக்கல் உண்டா?

நீங்கள் இந்தியா வந்து ஒரு மாதத்துக்குள் பொருள்கள் அங்கிருந்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும். பொருள்கள் முந்திக்கொண்டால், நீங்கள் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் வரை அவை இங்கே வந்து இறங்கலாம். அனுமதி உண்டே என்று முன்கூட்டி அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல. உரியவர் இந்தியாவுக்கு வந்து சேராமல் இந்தச் சலுகையில் பொருளை விடுவிக்க முடியாது, அதுவரை சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் சரக்குக் கிடங்கின் தரைவாடகையும் கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் வாடகையும் தனித்தனியாக ஏறும். பழைய சோபாவின் விலையை அதன் வாடகை விழுங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

துபாயில் தரை ஓடுகளும் குழாய்களும் கழிவறைப் பீங்கான்களும் நல்ல விலையில் கிடைக்கின்றன. செம்பூரில் வீட்டைப் புதுப்பிக்கிறோம். கன்டெய்னரில் பாதி காலியாகத்தான் இருக்கிறது, சேர்த்துப் போட்டுவிடலாமா?

அன்று அதிகம் பேர் கேட்டது இதைத்தான். வேண்டாம் என்பதே என் பதில். சலுகை என்பது அங்கே நீங்கள் வாழ்ந்த வீட்டை இங்கே கொண்டுவருவதற்கானது. இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்கானது அன்று. பிரிக்கப்படாத அட்டைப் பெட்டிகளில் அறுபது பெட்டி ஓடுகளைக் காட்டி, இது என் குடும்பம் புழங்கிய பொருள் என்று யாரும் வாதாட முடியாது. அதிகாரி அவற்றைத் தனியாகப் பிரித்து, சாதாரண இறக்குமதியாகப் பதிவு செய்யச் சொல்வார். பட்டியலில் ‘வீட்டுப் பொருள்கள்’ என்று எழுதி மறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம், 112-ஆவது பிரிவின்படி அபராதம் விதிக்கலாம். அந்தத் தகராறு தீரும்வரை உங்கள் கட்டிலும் பாத்திரமும் அதே கன்டெய்னரில் கிடக்கும்.

சொந்த உபயோகத்துக்கு முறைப்படி இறக்குமதி செய்வதற்குத் தடையில்லை. வணிகத் தொடர்பில்லாத அத்தகைய இறக்குமதிக்கு இறக்குமதியாளர் குறியீட்டு எண்ணும் கட்டாயமில்லை. ஆனால் சிமெண்டு, இரும்புக் கம்பி போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் விசாரித்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஓடுகள் உள்ள பெட்டியைத் திருப்பி, எங்கே செய்யப்பட்டது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வளைகுடாவுக்கு ஓடுகள் ஏராளமாகப் போகின்றன. அங்கிருந்து மும்பைக்கு லாரியிலேயே வந்துவிடக்கூடிய பொருளை, கடல் தாண்டி வாங்கித் தீர்வையும் கட்டித் திரும்பக் கொண்டுவருவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

கூடத்துக்கு மட்டும் இத்தாலியப் பளிங்கு வரவழைக்க விரும்புகிறோம், ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி.

ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். இருபது மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர மீட்டருக்கு 54 கிலோ அளவில் இருக்கும். ஆக மொத்தம் ஐந்து டன். அந்தச் சுமையை உங்கள் பழைய கட்டடத்தின் தளம் தாங்குமா என்று முதலில் பொறியாளரைக் கேளுங்கள். பளிங்குப் பலகைக்கு 2016-ஆம் ஆண்டு அறிவிக்கை குறைந்தபட்ச இறக்குமதி விலையாகச் சதுர மீட்டருக்கு 40 டாலரை வைத்தது; எனவே மலிவு விலையில் ரசீது போட்டுத் தருகிறேன் என்பவரின் பேச்சை நம்ப வேண்டாம். இவ்வளவு சிறிய அளவுக்கு, ஏற்கெனவே இறக்குமதி செய்து வைத்திருக்கும் வியாபாரியிடம் இங்கேயே பார்த்து வாங்குவதுதான் லாபம்.

மரப்பெட்டிகளில் கட்டினால் மறுப்பார்களாமே?

பெட்டியின் மரம் 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் சூடேற்றப்பட்டோ புகையூட்டப்பட்டோ, அதற்கான கோதுமைக் கதிர் முத்திரை குத்தப்பட்டிருந்தால் மறுக்க மாட்டார்கள். கட்டுபவரிடம் முத்திரையைக் காட்டச் சொல்லி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

நாங்கள் சிங்கப்பூருக்குப் போகிறோம். ஓஷிவாராவின் பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய காரைக்குடிக் கதவையும் இரண்டு தூண்களையும் எடுத்துச் செல்லலாமா?

இங்கே கேள்வி தீர்வையைப் பற்றியதன்று. நூறாண்டு கடந்த கலைவேலைப்பாடுள்ள பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் பல அந்த வயதைத் தாண்டியவை என்பதால், கடைக்காரர் ‘எழுபது வருஷம்தான்’ என்று வாயால் சொல்வது போதாது. தெளிவான படங்கள், அளவுகள், வாங்கிய ரசீது ஆகியவற்றோடு இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பித்து, ‘இது தொல்பொருள் அன்று’ என்ற சான்றை வாங்குங்கள். மும்பை வட்ட அலுவலகம் சயான் கோட்டையில் இருக்கிறது. இங்கிருந்து நடந்தே போய்விடலாம். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு கப்பலில் இடம் பதிவு செய்தால் போதும்.